மன்னார்க் கரையில் நோயும் சமயமும் உணர்த்தும் சில சொற்கள்

ஒரு சமூகம் நோயை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு அதன் சொற்களே சான்றாகும். திருக்கேதீச்சரத்தைப் போற்றும் சைவரும், 1560இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய மன்னார்த்தீவில் வேரூன்றிய கத்தோலிக்கரும், முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இக்கரையில், மருத்துவத்துக்கும் சமயத்துக்கும் பொதுவான சொற்கள் பல உள. அவற்றுள் மூன்றினை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது 'வருத்தம்'. ஈழத்து வழக்கில் இது மனத்துயரை மட்டுமன்றி உடல்நோயையும் குறிக்கும். அம்மை நோயினை 'அம்மாள் வருத்தம்' என்பர். நோயின் பெயரிலேயே தெய்வமும் உறைகின்றது.

இரண்டாவது 'பரிகாரி'. நாட்டு வைத்தியரைச் சுட்டும் இது பேச்சில் 'பரியாரி' எனத் திரியும். இதற்கு அடியான 'பரிகாரம்' என்பதோ மருந்தையும், தோஷம் நீங்கச் செய்யும் சடங்கையும் ஒருங்கே குறிக்கும். விடக்கடி வைத்தியர் மருந்தோடு மந்திரமும் கையாண்டமை இவ்விரு பொருளுக்கும் இயைந்ததே. மடுத் திருத்தலத்து மண் பாம்பின் நஞ்சினின்று காக்கும் என்னும் நம்பிக்கையும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது.

மூன்றாவது 'அவஸ்தைப்பூசுதல்'. வடமொழியில் 'நிலை' எனப் பொருள்படும் 'அவஸ்தை', தமிழில் துன்பநிலை என ஒடுங்கி, கத்தோலிக்கர் வழக்கில் மரணவேதனையைக் குறிப்பதாயிற்று. ஆயின், இச்சடங்குக்கு ஆதாரமாகக் காட்டப்படும் யாகப்பர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் பேசுவது நோயாளியைப் பற்றியேயாம். அவர் எழுந்திருப்பார் என்ற நம்பிக்கையும் அதிலுண்டு. ஆகவே, நலம் வேண்டிச் செய்வதொன்று, பெயரால், சாவுக்கு முன்னறிவித்தல் போலாயிற்று. நோயாளி அஞ்சுவாரெனக் கருதி, உறவினர் இறுதி மூச்சுவரை குருவை அழையாது காலந்தாழ்த்த இப்பெயரே இடமளித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் 'நோயாளரைப் பூசுதல்' என்னும் பெயரே பொருத்தமானது என்றது; 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கு முறையைத் திருத்தினார். தமிழிலும் 'நோயில் பூசுதல்' என்பது வழக்காயிற்று. எனினும், பெயர் மாறியதும் அச்சம் அகன்றுவிடும் எனக் கொள்ளுதல் இயலாது. முதியோர் நாவில் பழைய சொல் எளிதில் மறைவதில்லை.

இச்சொற்களை மூடநம்பிக்கையின் எச்சங்கள் என ஒதுக்குவது எளிது. பாம்பு தீண்டியவருக்கு வேண்டுவது வைத்தியசாலையில் காலந்தாழ்த்தாது கிடைக்கும் நஞ்சுமுறி மருந்தே என்பதில் ஐயமில்லை. ஆனால் 'அம்மாள்' என்றும் 'அவஸ்தை' என்றும் நோயாளி கூறுவதன் பொருளை அறியாத மருத்துவர், அவருடைய அச்சத்தையும் அறியார். அச்சத்தை அறியாதவிடத்து அறிவியலும் மக்களைச் சென்றடைவதில்லை. எனவே, முதியோர் வழக்கிலுள்ள இத்தகைய சொற்களைத் தொகுத்தல் மொழியியலாளர்க்கு மட்டுமன்றி மருத்துவம் பயில்வோர்க்கும் உரிய கடமையாகும்.