பேருந்தின் அடித்தளமும் துருவும்



பழைய பேருந்து ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறவர் அதன் முகப்பைப் பார்ப்பார். இருக்கைகளைத் தட்டிப் பார்ப்பார். எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுவார். தரையில் மல்லாந்து படுத்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் மிகுதி. பார்க்காத தொண்ணூற்றொன்பதின்மருள் நானும் ஒருவனாக நெடுங்காலம் இருந்தேன்.

ஸ்ரீவைகுண்டத்திற்கும் திருச்செந்தூருக்கும் இடையே, தாமிரபரணியின் கடைமடைப் பகுதியில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு ஒரு பேருந்து உண்டு. காலையில் வாய்க்கால் கரைச் சேற்றிலும், பிறகு உப்பளங்களை ஒட்டிய சாலையிலும் அது ஓடும். ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறும் காலம் வந்தால், வண்டியின் அடியில் கறுகறுவென்று தார் பூசச் செய்வோம். பூசி முடித்ததும் புது வண்டிபோல் இருக்கும். நானும் மனநிறைவோடு கையெழுத்திட்டுப் பணம் கொடுப்பேன். பூசுவதற்கு முன்னே சேற்றைக் கழுவினார்களா, துருவைச் சுரண்டினார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2012-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சென்னையில் தாம்பரத்தை அடுத்த பகுதியில், இரண்டாம் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தி தன் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டையின் வழியே சாலையில் விழுந்து, அவ்வண்டியின் சக்கரத்திலேயே சிக்கி உயிரிழந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் அதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே வகுத்தது. செய்தியைப் படித்த அன்று மாலையே எங்கள் பேருந்தைப் பட்டறைக்கு அனுப்பினேன். நானும் உடன் சென்றேன்.

பட்டறைக்காரர் என்னிலும் மூத்தவர். தளத்தின்மேல் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பைக் கிழித்தெடுத்தார். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகட்டில் ‘டங்’ என்ற ஒலி எழுந்தது. பின்சக்கரத்திற்கு மேலே, கடைசி இருக்கைக்கு முன்னே, ‘தொப்’ என்றது. அங்கே திருப்புளியை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. “என்ன அண்ணாச்சி இது?” என்றேன். “சார், இங்க தகடு எங்க இருக்கு? நீங்க பூசின தாருதான் தகடு மாதிரி நிக்குது” என்றார். அந்த இடத்தில்தான் நாள்தோறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்கள்.

தார் நீர் புகாத பொருள் அல்லவா? அதனைப் பூசியும் இரும்பு எவ்வாறு அழிந்தது? இதனை விளங்கிக்கொள்ளத் துருவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

துருப்பிடிப்பதற்கு நீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வேண்டும் என்பதனை நீங்கள் கீழ்வகுப்பிலேயே ஆணிகளைச் சோதனைக் குழாய்களில் இட்டுக் கற்றிருப்பீர்கள். ஆனால் நீரும் காற்றும் இரும்பு முழுவதையும் ஒரே சீராகத் தின்பதில்லை. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த யூலிக் ஈவன்ஸ் என்ற அறிஞர் 1920-களில் ஒரு நீர்த்துளியைக் கொண்டே இதனை விளக்கினார். அச்சோதனையை உங்கள் ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். இரும்புத் தகடு ஒன்றை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். உப்பு நீரில் சிறிதளவு பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சில சொட்டு ஃபினால்ஃப்தலீனும் கலந்து, அதில் ஒரு துளியைத் தகட்டின்மேல் வைத்துக் காத்திருங்கள். துளியின் நடுவில் நீலநிறம் தோன்றும். விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோன்றும். சிறிது நேரத்தில் இரண்டிற்கும் இடையே பழுப்பு நிற வளையம் ஒன்று உண்டாகும்.

நீலம் தோன்றிய இடத்தில்தான் இரும்பு கரைகின்றது. அங்குள்ள இரும்பணுக்கள் எலெக்ட்ரான்களைத் துறந்துவிட்டு நீரில் இறங்குகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடுகின்றன. விளிம்பில் நீர்ப்படலம் மெலிதாகையால் காற்று எளிதில் புகுகின்றது. அங்கே ஆக்ஸிஜனும் நீரும் எலெக்ட்ரான்களைப் பெற்றுக் காரத்தன்மையை உண்டாக்குகின்றன. அதன் அடையாளமே இளஞ்சிவப்பு. கரைந்த இரும்பும் இக்காரமும் சந்திக்கும் இடைவெளியில், ஆக்ஸிஜன் மேலும் சேர்ந்து, பழுப்புத் துருவாகப் படிகின்றது. ஆகவே, காற்று நன்றாகப் படும் இடத்தைவிடக் காற்றுக் குறைந்த இடத்திலேதான் இரும்பு அரிக்கப்படுகின்றது. துரு ஓரிடத்தில் தெரியும். பள்ளம் வேறோரிடத்தில் விழும்!

இப்பொழுது அந்தத் துளிக்குப் பதிலாக, சக்கரம் வாரியடித்த ஈரச்சேறு ஒன்று சட்டத்தின் மூலையில் அப்பியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். சேற்றின் உள்ளே காற்றுக் குறைவு. அங்கே இரும்பு கரைகின்றது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ள இணைப்பின் இடுக்கிலும் இதே கதைதான். சேற்றின்மேல் தாரைப் பூசினால், ஈரத்தை உள்ளேயே வைத்துப் பொதிந்தவர்களாகின்றோம். தாரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கீறலின் வழியே வரும் நீர் உள்ளே பரவும், உலர வழியிராது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. ஆதலால் பூச்சைத் தானே நெம்பிக் கிளப்பி மேலும் நீருக்கு இடம் செய்துகொள்ளும். நான் காசு கொடுத்துச் செய்வித்தது இதுதான்.

உப்பின் வேலை என்ன? நீரில் மின்னோட்டம் எளிதாகச் செல்ல அது உதவுகின்றது. காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளுகின்றது. பனி பெய்யும் நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அங்கே வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்லுவோருக்கு அடித்தளத் துருவே பெருங்கவலை. நமக்கோ எவரும் தூவ வேண்டியதில்லை. பாபநாசத்திலும் அம்பாசமுத்திரத்திலும் ஓடும் வண்டிக்குச் சேறுதான் பகை. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் ஓடும் வண்டிக்குச் சேற்றோடு கடற்காற்றும் உப்பளத் தூளும் பகை. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. கடற்காற்றும் கடல்நீரும் உலோகங்களை என்ன செய்கின்றன என்று அறிவதற்காகவே அது மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சோதனை நிலையங்களை அமைத்தது. நம் கரையின் காற்று அத்தகையது!

இனி, செய்ய வேண்டியது யாது? முதல் வேலை கழுவுதல். நல்ல நீரை விசையோடு கீழிருந்து மேல்நோக்கி அடித்து, சக்கரத்தின் மேல்வளைவு, சட்டத்தின் மூலை, எண்ணெய்த் தொட்டியின் பட்டைகள் ஆகியவற்றிலுள்ள சேற்றைப் போக்க வேண்டும். இங்கே கடற்கரையூரார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஊர்களில் ஆழ்குழாய் நீர் உவர்நீர். அந்த நீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசியவராவோம். நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். சோதனைச் சாலை வேண்டுவதில்லை. அதற்காக, அக்காலத்து லாரி ஓட்டிகளைப்போல் வண்டியைத் தாமிரபரணிக்குள் இறக்கிக் கழுவுவதும் கூடாது. நாம் குடிக்கும் நீரில் கிரீசும் எண்ணெயும் கலப்பதற்கு எவருக்கு உரிமை உண்டு?

கழுவிய பின் நன்றாக உலரவிட வேண்டும். குழல்போன்ற சட்டங்களிலும் கதவுகளின் அடியிலும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி முழுவதும் வெள்ளக்காடானதை நீங்கள் அறிவீர்கள். அவ்வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் வெளிச்சேறு ஒரு வாரத்தில் கழுவப்பட்டது. சட்டங்களுக்குள் புகுந்த வண்டலை நினைத்தவர் சிலரே.

அடுத்தது சுரண்டுதல். சுத்தியல், சுரண்டி, கம்பிப் பிரஷ், உப்புத்தாள் ஆகியவற்றால் இரும்பின் வெண்மை தெரியுமட்டும் துருவை நீக்க வேண்டும். வலுவிழந்த தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். ஒட்டுப் போடுவதும் பலகை வைத்து மறைப்பதும் கூடாது. வேலையில் கடினமானது இதுதான். ஆகையால் கூலியைக் குறைப்பவர்கள் முதலில் இதைத்தான் குறைப்பார்கள்.

அதன்பின் முதற்பூச்சு. ‘ரெட் ஆக்சைடு’ என்று கடையில் விற்பதும் ஒருவகை இரும்பு ஆக்சைடே; துருவுக்கு உறவினர்தான்! அது நீரைத் தடுக்கும் திரையாக மட்டுமே நிற்கும். துத்தநாகத் தூள் நிறைந்த பூச்சின் செயல் வேறு. இரும்பைக்காட்டிலும் துத்தநாகம் எளிதில் எலெக்ட்ரான்களைத் துறப்பது. ஆகவே கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கடலோர வண்டிக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. அதன்மேல்தான் தாரும் ரப்பரும் சேர்ந்த கெட்டிப்பூச்சு வரவேண்டும். பிரேக், சைலன்சர், சுழலும் தண்டு ஆகியவற்றின்மேல் அது படக்கூடாது. வடிதுளைகளையும் அடைத்துவிடக் கூடாது.

கழிவு எஞ்சின் எண்ணெயைத் தெளிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. துருவை அது சில நாள் தடுக்கும், மெய்தான். ஆனால் ரப்பர்க் குழாய்களை ஊறச் செய்து கெடுக்கும், புழுதியைப் பிடித்துவைக்கும், முதல் மழையிலேயே வாய்க்காலுக்குப் போய்ச் சேரும்.

இவ்வளவும் செய்த வண்டியையும் ஆண்டுக்கொரு முறை அடியில் படுத்துப் பார்த்தே தீரவேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் அதற்கு ஏற்ற காலம். கோடை விடுமுறையில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்களே என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பேருந்தில் அன்று நான்கு இடங்களில் தகடு வெட்டப்பட்டது. ஒரு துண்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். தார் ஒருபுறமும் துரு மறுபுறமுமாக அது பள்ளியின் ஆய்வுக்கூட மேசையில் இருந்தது. திருகு அளவியைப் பழகும் மாணவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன். வெட்டிய ஓரத்தில் 1.6 மில்லிமீட்டர் என்று எழுதுவார்கள். நடுப்பகுதிக்கு வந்ததும் தாரைச் சுரண்டிவிட்டு அளப்பதா, தாரோடு அளப்பதா என்று கேட்பார்கள். சுரண்டச் சொல்லுவேன். சுரண்டியவர்களுக்கு அளக்க ஒன்றும் மிஞ்சாது.