பீனால்களின் அமில வலிமை

ஆறுமுகநேரி உப்பளங்களில் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும் உப்பைக் காணாதார் நம்மில் இலர். உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துச் சாகுபுரம் ஆலையில் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். உப்பிலிருந்தே சால்வே முறையில் சமையல் சோடாவும் கிடைக்கிறது. இவ்விரு சோடாக்களும் ஆய்வுக்கூடத்தில் அமில வலிமையைக் காட்டும் உரைகற்களாகும்.

பீனாலுக்குக் கார்பாலிக் அமிலம் என்றும் பெயர். 1865-இல் ஜோசப் லிஸ்டர் அறுவை மருத்துவத்தில் கிருமிகளை ஒழிக்கப் பயன்படுத்தியது இதுவே. பெயரில் அமிலம் இருப்பினும் இது வலிமை குன்றியது. காஸ்டிக் சோடாக் கரைசலில் கரையும். ஆனால் சமையல் சோடாக் கரைசலில் நுரை எழுப்பாது. கார்பானிக் அமிலத்தைவிட வலிய அமிலமே அதனின்று கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற வல்லது.

அமில வலிமையைப் பி.கே.ஏ என்னும் எண்ணால் குறிப்பர். எண் ஒன்று குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். பீனாலுக்கு 10, கார்பானிக் அமிலத்திற்கு 6.4.

பீனால் வளையத்தில் வேறொரு தொகுதியைப் புகுத்தினால் என்ன நிகழும்? ஹைட்ரஜன் அயனியை இழந்தபின் எஞ்சும் பினாக்சைடு அயனி எவ்வளவு நிலைத்து நிற்கிறதோ, அவ்வளவு வலிமை கூடும். பாரா இடத்தில் உள்ள மீத்தைல் தொகுதி எலக்ட்ரான்களைத் தள்ளுவதால் எண் 10.3 ஆகிறது. நைட்ரோ தொகுதியோ எலக்ட்ரான்களை ஈர்த்து எதிர்மின்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. எனவே பாரா நைட்ரோ பீனாலுக்கு 7.2. மெட்டா இடத்தில் உடனிசைவின் உதவி நைட்ரோ தொகுதியை எட்டாது, அங்கு 8.4 மட்டுமே.

இரண்டு நைட்ரோ தொகுதிகள் உள்ள 2,4-டைநைட்ரோ பீனாலுக்கு 4.1, இது காடியிலுள்ள அசிட்டிக் அமிலத்தையும் விஞ்சுகிறது. மூன்று தொகுதிகள் கொண்ட பிக்ரிக் அமிலத்திற்கு 0.4!

செய்முறைத் தேர்வில் பலர் இடறுவது இங்கேதான். சமையல் சோடாவுடன் நுரைத்ததும் 'கார்பாக்சிலிக் அமிலம்' என்று எழுதிவிடுகிறோம். தனிமச் சோதனையில் நைட்ரஜனும் தென்பட்டால், அது நைட்ரோ பீனாலாகவும் இருக்கலாம் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் தன்மையது. 1917-இல் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் ஏறத்தாழ 2,000 உயிர்களைப் பலிகொண்ட கப்பலின் சரக்கில் இதுவும் இருந்தது. நாப்தலீனைக் கண்டறிய இதை எடுக்கும் நாம், குப்பியில் நீர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போமாக!