நொய்யலுக்கு உயிர் திரும்புமா?

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலைத் திருப்பூர்ச் சாயக்கழிவு கெடுத்த வரலாற்றை அங்கத்தினர் அறிவர். பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை உப்புநீர்த் தேக்கமாயிற்று, உழவர் வழக்காடினர். சாயப்பட்டறைகள் துளிக்கழிவும் வெளிவிடலாகாதென 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் விதித்தது. அது நிறைவேறாமையால் 2011-இல் அவற்றை மூடவும் ஆணையிட்டது. பின்னரே நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்ப உபயோகிக்கும் முறை பரவிற்று. செலவு மிகுதிதான், மறுக்கவில்லை. ஆயினும் ஆடைக்குச் சாயமேற்ற உழவன் கிணறு கெட வேண்டுமென்பது எந்த நியாயம்?

சாயம் நின்றால் மட்டும் ஆறு பிழைத்துவிடாது. நகரச் சாக்கடையும் நிற்க வேண்டும். கரையில் மருதமும் கோரையும் நிழல் தர, மணலில் மீன் முட்டையிட வேண்டும். சிமெண்டுச் சுவரெழுப்பிக் கரையை அலங்கரிப்பதைச் சீரமைப்பென நாம் ஒப்போம். ஆற்றோடிணைந்த பழைய குளங்களின் வாய்க்கால்களைத் தூர்வாருவதே முதல் வேலை. அதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆள்தர இயலும்.