மூச்சுக் கருவியும் எம் நாட்டுப் பருவங்களும்

எமது கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள். முன்னாளில் தண்ணீர்ச் செம்பும் பனையோலை விசிறியும் இருந்த தலைமாட்டில், இந்நாளில் சிறு பெட்டியொன்றும் நீண்ட குழாயொன்றும் இடம்பெற்று வருகின்றன. சீபாப் எனப்படும் இக்கருவி பல வீடுகளில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளைகள் அனுப்பி வைத்ததாயிருக்கும். உடன் வரும் கையேடு குளிர்நாட்டு வீட்டை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. அதிலே சோளகமும் இல்லை, மாரியும் இல்லை, எம் கிணற்று நீரும் இல்லை. சில மாதங்களிற் கருவி மூலைக்குப் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணமென எண்ணுகிறேன்.

மூலையில் ஒதுக்கத்தக்க பொருளன்று அது. உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுவோர்க்கு, ஒரு மணி நேரத்திற் பல தடவை பத்து விநாடிக்கு மேலாக மூச்சு நின்று மீளும். வெறுங் குறட்டையென்று வீட்டார் நகைத்துவிடும் இந்நோய், இரத்த அழுத்தத்தை உயர்த்த வல்லது. பகலில் வாகனம் ஓட்டும்போதே கண்ணயரச் செய்ய வல்லது. அவுஸ்திரேலிய வைத்தியரான கொலின் சலிவன் 1980 இல் சிட்னியில் இதற்கு வழி கண்டு, 1981 இல் லான்செற் என்னும் வைத்தியச் சஞ்சிகையில் வெளியிட்டார். மெல்லிய அழுத்தத்துடன் காற்றை இடையறாது மூக்கின் வழியே செலுத்தினால், அக்காற்றே தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும் என்பது அவர் கண்ட உண்மை. கருவி ஒட்சிசனை உண்டாக்குகின்றது என்று நினைப்பார் பலர். அஃது அறைக் காற்றையே இழுத்துத் தருகின்றது. ஆகவே அறைக் காற்று எத்தகையதோ, நோயாளி பெறுங் காற்றும் ஏறக்குறைய அத்தகையதே.

சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்பாட்டு மண் யன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மீதும் படியும். கருவியின் பின்புறத்து வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் அங்கும் அதைக் காணலாம். கழுவத்தக்க பஞ்சு வடிகட்டியாயின் வாரம் ஒருமுறை நீரில் அலசி, நன்றாக உலர்ந்த பின்பே பொருத்துதல் வேண்டும். மெல்லிய வெள்ளை வடிகட்டியைக் கழுவலாகாது. நிறம் மாறியதும் புதியதை இட வேண்டும். அடைபட்ட வடிகட்டியுடன் இயந்திரம் இயங்கினால் காற்று குன்றும், சூடும் ஏறும்.

இனி நீரின் செய்தி. இதுவே எம்மவர்க்குப் பெரிதும் உரியது. காற்றை ஈரமாக்குதற்கென இக்கருவிகளிற் பலவற்றில் ஒரு சிறு நீர்த்தொட்டி உண்டு. அதற்குக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும் எனக் கையேடு கூறும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல்லாதலின், எமது கிணற்று நீரிற் கல்சிய உப்புக்கள் மிகுதி. கேத்திலின் அடியிற் படியும் வெண்படலமே அதற்குச் சான்று. கொதிக்க வைத்து ஆறிய நீர் போதாதோ எனக் கேட்பாருளர். கொதித்தல் கிருமியைக் கொல்லும். கரைந்த உப்புக்கள் யாவற்றையும் அகற்றாது. நீர் ஆவியாகப் போக, எஞ்சிய உப்பு தொட்டியின் சூடேறும் தட்டிற் படிந்து அதனைக் கெடுத்துவிடும். மோட்டார் மின்கலத்துக்கென விற்கும் நீர், சுவாசிப்பதற்கெனச் செய்யப்பட்டதன்று. மருந்துக் கடையிற் கேட்டு வாங்குவதே தக்கது. எந்த நீராயினும் காலையில் எஞ்சியதை ஊற்றிவிடுக. படலம் படிந்துவிட்டால், ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவைத்துப் பின் நன்றாக அலசலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை நிலைமை மாறுகின்றது. காற்றே ஈரமாயிருப்பதால் பலருக்கு ஈரமாக்கும் அளவைக் குறைக்கலாம். வைத்தியரைக் கேட்டு முற்றாக நிறுத்துவோருமுண்டு. குளிரூட்டிய அறையிற் படுப்போருக்கு மட்டும் குழாயினுள் நீர் திரண்டு முகத்திற் சொட்டும். கருவியைத் தலைமட்டத்திற்குக் கீழே வைத்துக் குழாயைத் துணியாற் சுற்றினால் அது தணியும். முகமூடியையும் குழாயையும் மென்மையான சவர்க்கார நீரிற் கழுவ வேண்டும். கழுவிய எதனையும் முற்றத்து வெயிலிற் காயப்போடுவது எமது வழக்கம். சிலிக்கோன் முகமூடிக்கு அது பகை. நிழலில் உலர்த்துக. பூஞ்சணம் பிடிக்கும் காலமாகையால், ஈரத்தோடு மூடிவைத்தலும் தவறே.

மாரியிலே காற்று எப்போதும் தூயதென நம்புதற்கில்லை. 2022 டிசம்பரில் யாழ்ப்பாணம் உட்பட நாடெங்கும் காற்று மாசு மிகுந்து, 9 ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அத்தகைய நாளிற் பஞ்சு வடிகட்டி நுண்புகையைத் தடுக்குமென நம்பலாகாது. யன்னலைச் சாத்துக, சாம்பிராணிப் புகையையும் அன்றைக்கு விட்டுவிடுக.

பிறர் பாவித்த கருவியை வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. ஓசையை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றிற் கலக்கக்கூடும் என்ற காரணத்தால், பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் கருவிகளிற் பலவற்றைத் திரும்ப அழைத்தது. தொடர் இலக்கத்தைப் பார்த்தே ஏற்றுக்கொள்க. காற்றழுத்தமும் ஆளுக்கு ஆள் வைத்தியரால் அமைக்கப்படுவது. அண்ணனுக்கு அமைத்தது தம்பிக்கு ஆகாது.

ஆஸ்துமா நோயாளரின் நெபுலைசருக்கோ விதி இன்னுங் கடியது. அதனுள் இடுவது கிருமி நீக்கிய உப்புக் கரைசலும் வைத்தியர் குறித்த மருந்துமேயன்றி வேறில்லை. மருந்துக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் கொதித்தாறிய நீரில் அலசி உலர்த்துக.

காற்றிலுள்ள நைதரசனை நீக்கி ஒட்சிசனைச் செறிவாக்கும் பெரிய கருவி சில வீடுகளில் உண்டு. அதனைச் சுவாமி அறைக்கு அருகே வைத்தலாகாது. குத்துவிளக்கும் கற்பூரமும் குறைந்தது பத்தடி அப்பால் இருத்தல் வேண்டும். கனடாவிலிருந்து வந்ததாயின் அது 120 வோல்ற்றுக்குரியதா என்று மின்னிணைப்பின் முன் பார்க்கவும். இங்கே 230 வோல்ற்று. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோனால் உதவுதற்கு நிரப்பிய ஒட்சிசன் உருளை ஒன்றையும், அதனைத் திறக்கத் தெரிந்த ஒருவரையும் வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.