சாய்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை

மன்ஹாட்டனில் மாடியில் ஒரு சால்சா நடனக் கூடம். சனிக்கிழமை, இரவு பதினோரு மணி தாண்டிவிட்டது. நாற்பது ஜோடி தாராளமாக ஆடக்கூடிய தளத்தில் அறுபது ஜோடியாவது இருந்திருப்பார்கள். நான் சுவரோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாட்டின் கடைசி அடிக்காகவே காத்திருந்தவர் போல ஒருவர், அந்தப் பாட்டுக்கு முன்புவரை முகமறியாத ஒரு பெண்ணைச் சட்டென்று தரையை நோக்கிச் சாய்த்தார். அவள் தலை பின்னால் தொங்கியது. ஒரு கால் தன்னால் மேலே எழுந்தது. காலணியின் கூரான குதி, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணின் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது.

சாய்க்கப்பட்டவளுக்கு ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே எழுந்தாள். ரத்தம் வந்தது அந்த ஆட்டத்தில் பங்கே இல்லாதவளுக்கு. தளத்தில் கால் வைத்ததால் அவள் எதற்கெல்லாம் சம்மதித்ததாக ஆகும்? அன்று இரவு தொடங்கிய இந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஓயவில்லை. முதலில் இது மரியாதை சார்ந்த விஷயம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நீதிமன்றங்களும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

சால்சா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நியூயார்க்கில் குடியேறிய கியூப, போர்ட்டோ ரிக்க மக்களின் இசையில் வளர்ந்த ஜோடி நடனம் இது. நடத்துபவரை லீட் என்பார்கள், தொடர்பவரை ஃபாலோ என்பார்கள். லீட் பெரும்பாலும் ஆண், ஆனால் அது கட்டாயமில்லை. ‘சோஷியல்’ என்பது யாரும் யாரையும் அழைத்து ஆடும் பொது இரவு. ஒத்திகை கிடையாது. அடுத்த பாட்டுக்கு ஆள் மாறிவிடும்.

மேடை ஆட்டமும் பொது ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலமும் உண்டு. பிராட்வேயும் 53வது தெருவும் சந்திக்கும் இடத்தில் 1966 வரை இயங்கிய பலேடியம் மண்டபத்தில், சால்சாவுக்கு முன்னோடியான மாம்போ கொடிகட்டிப் பறந்தது. அங்கே புதன்கிழமை இரவுகளில் பாடம், போட்டி, தேர்ந்த ஜோடிகளின் காட்சி எல்லாம் இருந்தன. காட்சி என்றால் கூட்டம் ஒதுங்கி இடம் விடும். முடிந்ததும் எல்லோரும் தளத்துக்கு வருவார்கள். அதே நகரத்து சவாய் மண்டபத்தில் ஃப்ராங்கி மேனிங் 1935 வாக்கில் லிண்டி ஹாப் நடனத்தில் ஜோடியை முதுகுக்கு மேலாகப் புரட்டிப்போட்டுப் புகழ்பெற்றார். பலர் அதைத் தளத்தில் தானாகப் பிறந்த துள்ளல் என்று எண்ணுகிறார்கள். ஆனால் அது ஒரு போட்டிக்காக முன்பே பயிற்சி செய்து கொண்டுவந்த அசைவு. இன்றும் லிண்டி ஹாப் ஆடுபவர்களிடம் பொதுத் தளத்தில் ஆளைத் தூக்குவதில்லை என்ற வழக்கம் வலுவாக இருக்கிறது.

சால்சாவில் மேடைக்கும் பொதுத் தளத்துக்கும் இடையிலான கோடு கலைந்தது பிறகுதான். 1990களில் லாஸ் ஏஞ்சலிஸில் நடனக்காரர்களான வாஸ்கெஸ் சகோதரர்களோடு சேர்த்துப் பேசப்படும் பாணி வளர்ந்தது. வேகம், பளிச்சென்ற சுழற்சிகள், திடீர்ச் சாய்ப்புகள். 1999இல் ஆல்பர்ட் டோரஸ் அங்கே தொடங்கிய சால்சா காங்கிரஸ் போன்ற விழாக்கள் உலகமெங்கும் பரவின. இரவு ஒன்பது மணிக்கு மேடையில் பார்த்ததை நள்ளிரவில் தளத்தில் செய்து பார்க்கும் ஆசையும் கூடவே பரவியது. இப்போது அந்த ஆசைக்குக் கைப்பேசி வீடியோ தீனி போடுகிறது. முப்பது வினாடிப் பதிவில் தெரியாத ஒன்று உண்டு: அந்த ஜோடி அதே வீழ்ச்சியை மெத்தை விரித்து எத்தனை மாதம் பழகினார்கள் என்பது.

அர்ஜென்டினா டாங்கோக்காரர்கள் மேடையையும் தளத்தையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பியூனஸ் அயர்ஸில் 2003 முதல் நடக்கும் உலகப் போட்டியில் தளப் பிரிவு தனி, மேடைப் பிரிவு தனி. தளப் பிரிவில் துள்ளலுக்கும் ஆள்மேல் ஏறுவதற்கும் இடமில்லை. சால்சா போட்டிகளிலும் தூக்கும் அசைவுகளுக்கென்று ‘கேபரே’ என்ற தனிப் பிரிவு உண்டு. போட்டியிலேயே தனி அறை ஒதுக்கிவிட்ட ஒன்றைப் பொதுத் தளத்தில் ஏன் அவிழ்த்துவிட வேண்டும்?

இனி உடம்புக் கணக்கு. எல்லாச் சாய்ப்பும் ஒன்றல்ல. டிப் என்ற சாதாரணச் சாய்ப்பில் ஃபாலோவின் ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், எடையில் பெரும்பகுதி அவளிடமே இருக்கும். லீட் முழங்கால் மடக்கி, கால் அகற்றி நிற்பார். அவர் கை தவறினாலும் அவள் தானே நிமிர முடியும் என்றால் அது நல்ல டிப். டிராப் வேறு ரகம். அங்கே எடை முழுவதும் லீட்டின் கைக்கு மாறுகிறது, அதுவும் ஒரு நொடியில். கழுத்துக்குப் பின்னால் ஒரு கையை மட்டும் கொடுத்து உடம்பை விழவிடும் ‘நெக் டிராப்’ இதில் மோசமானது. தலை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். வியர்த்த உள்ளங்கை, தெரியாத கூந்தல் கிளிப், எதிர்பாராத உயரம், இவற்றில் ஒன்று போதும் பிடி வழுக்க. ஆளைத் தூக்கும் ‘லிஃப்ட்’ பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைக்கிறேன். பொதுத் தளத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

ஆனால் காயங்களில் பல இந்தச் சாகசங்களால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் மடக்கும் ‘ஹேமர்லாக்’ பிடியில் கட்டைவிரலால் இறுக்கிவிட்டால், ஃபாலோ தவறான பக்கம் திரும்பும் கணத்தில் தோள்மூட்டுதான் விலை. விரல்கள் கொக்கிபோல் மாட்டியிருக்க வேண்டுமே தவிர விலங்குபோல் அல்ல. தலைக்கு மேல் கையைச் சீவிக்கொண்டு போகும் அசைவில் கைக்கடிகாரம் காதணியில் மாட்டும். நெரிசலில் பின்னோக்கி எட்டிவைக்கும் ஓர் அடி, பின்னால் இருப்பவரின் பாதத்தில் ஆணி அடித்த மாதிரி. கூட்டம் கூடக்கூட அடியின் நீளம் குறைய வேண்டும். பழைய நியூயார்க் ஆட்டக்காரர்கள் ஒரு தரை ஓட்டுக்குள் ஆடிக் காட்டுவார்கள். என் கணக்கில் அதுதான் சாகசம்.

மறுக்கும் உரிமை என்று வரும்போது முதல் தடை கூச்சம். அழைத்தவர் பெரிய ஆட்டக்காரர், பாதியில் நிறுத்தினால் என்ன நினைப்பார்? எதுவும் நினைத்துவிட்டுப் போகட்டும். ஆட வரச் சம்மதித்தது சாய்க்கச் சம்மதித்ததாகாது. போன வாரம் சம்மதித்தது இந்த வாரத்துக்குச் செல்லாது. கைகோத்ததுமே “டிப் வேண்டாம், முதுகு சரியில்லை” என்று சொல்லிவிடலாம். முதுகு நன்றாக இருந்தாலும் “டிப் வேண்டாம்” என்பது முழு வாக்கியம்தான், காரணம் தேவையில்லை. வாய் திறக்க நேரமில்லையென்றால் உடம்பு பேசட்டும்: முழங்காலைத் தளர்த்தி எடையை உங்கள் காலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தலையைப் பின்னால் எறியாதீர்கள், பிடியிலிருந்து விரலை உருவிக்கொள்ளுங்கள். நல்ல லீட் அந்த எதிர்ப்பை உணர்ந்த நொடியே அசைவை வேறொன்றாக மாற்றிவிடுவார். மாற்றாதவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் பாட்டின் நடுவிலேயே விலகுவது நாகரிகக் குறைவல்ல.

லீட்டாக ஆடுபவர்களுக்கு: “சாய்க்கலாமா?” என்று கேட்க ஒரு நொடி போதும். முதல் பாட்டில் கேட்கவும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம் என்பது என் கட்சி. கேட்ட பிறகும் பக்கத்து ஜோடிகள் மிச்சம். அவர்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. எனவே அவர்களுக்காக நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்களைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்கு இடம் காலியாக இல்லையென்றால் எவ்வளவு இனிய சம்மதமும் செல்லாது.

நடத்துகிறவர்களின் பொறுப்பும் சின்னதல்ல. எத்தனை பேரை உள்ளே விடுகிறோம், சிந்திய பானத்தை யார் துடைக்கிறார்கள், பெயர்ந்த பலகை எங்கே இருக்கிறது, புகார் வந்தால் யாரிடம் சொல்வது, இதெல்லாம் அவர்கள் கணக்கு. வாசலில் ‘தளத்தில் லிஃப்ட், டிராப் கூடாது’ என்று ஓர் அட்டை தொங்கவிடலாம். பிறகு யாரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.

அடிபட்டால்? விழுந்தவர் கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது, கூசுகிறது என்றால் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். நம் ஆட்கள் உடனே செய்ய வருவது அதுதான். பாட்டை நிறுத்தச் சொல்லி, தலையையும் கழுத்தையும் அசையாமல் பார்த்துக்கொண்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள், அமெரிக்காவில் 911, நம் ஊரில் 108. விலகிய தோளை யாரும் ‘இழுத்துப் போட’ அனுமதிக்க வேண்டாம். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, குழப்பம், ஏறிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் இரவு என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: கழுத்து வெடுக்கென்று திரும்பியதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். அரிதுதான். ஆனால் பக்கவாதத்தின் அறிகுறி சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூட வரும். வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வலுவிழத்தல் என்று கண்டால் மருத்துவரிடம் ‘நடனத்தில் கழுத்து இழுபட்டது’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1992இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. நண்பர்கள் வீட்டில் கூடித் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி பார்க்கிறார்கள். இடைவேளையில் வெளியே போய்த் தாங்களும் விளையாடுகிறார்கள். ஒரு பெண் ஒருவரிடம், இவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம், இல்லையென்றால் நான் நிறுத்திக்கொள்வேன் என்கிறாள். அடுத்த ஆட்டத்திலேயே அவள் கையை அந்த மனிதர் மிதிக்கிறார். சுண்டுவிரலைக் கடைசியில் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கில் அவள் தோற்றாள். விளையாட்டுக்கே உரிய ஆபத்துக்குச் சக ஆட்டக்காரர் பொறுப்பல்ல, வேண்டுமென்றோ அந்த ஆட்டத்தின் எல்லைக்கு முற்றிலும் வெளியே போகும் அளவு கண்மூடித்தனமாகவோ நடந்தால்தான் பொறுப்பு என்றது தீர்ப்பு.

கசக்கிறது. ஆனாலும் இதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கால் மிதிபடுவது பொதுத் தளத்துக்கே உரியது. ஒத்திகையில்லாமல், கேட்காமல், நெரிசலில் ஓர் ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தரைக்கு இறக்குவது அப்படியா? இல்லை என்று வாதாட இடமிருக்கிறது என்பது என் வாசிப்பு. தளத்தின் வழக்கமும் வாசல் அட்டையும் அங்கேதான் சாட்சியாகும். நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1997இல் இதையொட்டி ஒன்று சொன்னது: டென்னிஸ் ஆடுபவர் ஆட்டத்தின் ஆபத்தை ஏற்கிறார், பக்கத்தில் கிழிந்து தொங்கும் வலையில் கால் சிக்கி விழுவதை ஏற்கவில்லை. பெயர்ந்த பலகைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

வாசலில் கையெழுத்து வாங்கும் ‘எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல’ தாளைப் பார்த்து மிரள வேண்டாம். நியூயார்க் சட்டப்படி, கட்டணம் வாங்கும் கேளிக்கை, பொழுதுபோக்கு இடங்கள் தங்கள் கவனக்குறைவிலிருந்து இப்படித் தப்பிக்க எழுதிக்கொள்வது செல்லாது. ஆனால் பாடம் கற்பிக்கும் இடம் என்றால் நீதிமன்றங்கள் வேறு மாதிரி பார்த்ததுண்டு. ஒன்பது மணி வகுப்பும் பத்து மணி சோஷியலும் ஒரே அறையில் நடக்கும்போது எது எது என்பதே வழக்காகலாம். கலிஃபோர்னியாவில் அந்தத் தாள் பொதுவாகச் செல்லும், ஆனால் 2007 தீர்ப்புக்குப் பின் கடும் கவனக்குறைவுக்குச் செல்லாது. வழக்குப் போடக் கெடு, நியூயார்க்கில் 3 ஆண்டு, கலிஃபோர்னியாவில் 2 ஆண்டு.

சென்னையிலும் பெங்களூரிலும் சால்சா ஆடுகிறவர்கள் இருப்பதால் நம் சட்டமும் ஒரு வார்த்தை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயது கடந்தவர் சம்மதித்து ஏற்ற தீங்கு குற்றமாகாது என்கிறது, கொடுங்காயத்தை நோக்கமாகக் கொள்ளாமலும் அது நேரக்கூடும் என்று அறியாமலும் செய்திருந்தால். வேடிக்கைக்காக வாள் சுற்றும் இருவரைத்தான் சட்டம் உதாரணம் காட்டுகிறது. அங்கேயும் எதற்குச் சம்மதித்தார்கள் என்பதே கேள்வி. கண்மூடித்தனத்தாலோ அலட்சியத்தாலோ பிறர் உடலுக்கு ஆபத்து விளைவிப்பது 125ஆம் பிரிவில் வரும், கொடுங்காயமானால் 3 ஆண்டுவரை சிறை. கட்டணம் வாங்கிய வகுப்பில் பாதுகாப்பில்லை என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழி கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

இவை எதற்கும் சான்று வேண்டும், சோஷியலில் சான்று சீக்கிரம் கரைந்துவிடும். தளத்தைப் படம் எடுங்கள், காயத்தைப் படம் எடுங்கள், அன்றிரவே மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்குங்கள், நடத்துபவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். முக்கியமாகப் பெயர்கள். அந்த மன்ஹாட்டன் இரவில் கட்டுப்போட்டு முடித்ததும் அடிபட்டவள் கேட்டாள், சாய்த்தவர் யார் என்று. அவரோடு பல வாரங்களாக ஆடியவர்கள் ஐந்தாறு பேர் அங்கேயே நின்றார்கள். எல்லோருக்கும் அவருடைய முதல் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது.