காய்ச்சலும் அஸ்பிரின் குளிசையும்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கையில் இருக்கும் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடுகிறோம். அது அஸ்பிரின் என்றால் ஆபத்து உண்டு.

1963 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வைத்தியர் றை என்பவரும் துணைவர்களும் 21 பிள்ளைகளைப் பாதித்த ஒரு நோயை விபரித்தனர். மூளை வீங்கி, ஈரலில் கொழுப்புப் படிந்து, 17 பிள்ளைகள் இறந்தனர். தடிமன் காய்ச்சலோ பொக்குளிப்பானோ வந்த பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுப்பதற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டெனப் பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவில் 1980 இல் 555 பேர் பதிவாயினர். பெற்றோர் அஸ்பிரினைக் கைவிட்டபின், 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இருவருக்கு மேல் இல்லை.

நோய் அரிது, ஆனால் கடிது. தேறிவரும் பிள்ளை ஓயாமல் சத்தி எடுத்தால், அளவுக்கு மிஞ்சி உறங்கினால், உளறினால், காரணமின்றி மூர்க்கம் காட்டினால், வலிப்பு வந்தால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வோம். கொடுத்த மருந்தின் உறையையும் எடுத்துச் செல்வோம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும்; அதுவும் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில். டெங்குக் காய்ச்சலிலும் அஸ்பிரின் கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். வைத்தியரே நெடுநாளைக்கு அஸ்பிரின் எழுதிக்கொடுத்த பிள்ளைக்கு நாமாக நிறுத்தலாகாது. பொக்குளிப்பான் கண்டவுடன் அவரிடம் கேட்போம்.

பெயர் தெரியாத குளிசையைப் பிள்ளையின் வாயில் வைக்காதிருப்போம்.