உங்களுக்குத் தெரியுமா? உடல் நாற்றத்துக்காகத் தரையிறங்கிய விமானம்

2018 மே மாதம் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்ட டிரான்சாவியா விமானம், பாதி வழியில் போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் இறங்கியது. காரணம், ஒரு பயணியின் உடலிலிருந்து எழுந்த நாற்றம். தாங்க முடியாமல் சிலர் வாந்தியே எடுத்துவிட்டார்கள். குளிக்காத மனிதர் என்று ஏசினார்கள். உண்மையில் அந்த மனிதரின் உடல் திசுக்கள் தொற்றால் அழுகிக்கொண்டிருந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் அடுத்த மாதமே இறந்துபோனார். நினைத்தாலே மனம் கனக்கிறது.

நாற்றம் பிறருக்குத் தொல்லையானால் பயணியை ஏற்ற மறுக்கலாம் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பயண நிபந்தனைகள் சொல்கின்றன. ஆனால் நோயாலோ உடற்குறையாலோ வரும் வாடைக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்குதான் மனிதத்தன்மை.

ரகளை செய்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களைக் கட்டிவைக்கவும், வழியில் இறக்கிவிடவும் 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை தலைமை விமானிக்கு அதிகாரம் தருகிறது. இந்தியாவில் 2017இல் வந்த விதிகளின்படி, வாய்த்தகராறுக்கு 3 மாதம் வரை பறக்கத் தடை. அடிதடிக்கும் பாலியல் சீண்டலுக்கும் 6 மாதம் வரை. உயிருக்கே ஆபத்து விளைவித்தால் குறைந்தது 2 ஆண்டுகள். விமானச் சிப்பந்திகளின் பாதுகாப்புக்கு இந்தக் கண்டிப்பு தேவைதான். தண்டனையை முடிவு செய்வது, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு.

ஆறாத புண்ணோ தொற்றோ இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் காட்டி, விமான நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.